கேட்காமல் அனுப்பிய படம்

அன்றைக்கு எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். என் கணவர். என் மகள். என் அண்ணன். அண்ணி. அண்ணியின் பஜனைக் குழுவிலிருந்து வந்த மூன்று பெண்கள், அதில் ஒருவர் ஆர்மோனியப் பெட்டியோடு. எட்டாவது ஆள் நான். இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். பிறகு நான் கேட்டபோது ஒருத்தர் அடுப்படியில் இருந்தேன் என்றார், ஒருத்தர் வெளியே காரை நகர்த்திக்கொண்டிருந்தேன் என்றார். அடுப்படியில் யாரும் இல்லை. காரை யாரும் நகர்த்தவில்லை. கண்ணை மூடுவதற்கு முன் நான் எண்ணிப் பார்த்தேன். ஆள் எண்ணுவதில் எனக்குத் தப்பு வராது.

கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், படிப்பை நிறுத்திவிட்டு, கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கி, கல்யாணமாகி, மகள் ஒன்றாம் ஆண்டுக்குப் போனபோது அவளைக் கொண்டுபோய் விட ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏறியது, எதிர்வீட்டுப் பிள்ளை ஏறியது, அப்படியே தொழிலாகிவிட்டது. பதினேழு வருஷம். அந்த வருஷம் என் வேனில் பதினான்கு பிள்ளைகள். ஏறும்போது எண்ணுவேன். பெரிய சிக்னலில் கண்ணாடியில் பார்த்து எண்ணுவேன். இறக்கும்போது எண்ணுவேன். எல்லோரும் கேட்டுக்குள் போன பிறகு வேனுக்குள் ஏறி ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்ப்பேன். என் கணவர் இதைப் பார்த்துச் சிரிப்பார். "பதினாலு எறங்குனத நீயே எண்ணிட்ட, இன்னும் யாரத் தேடுற?" என்பார். சிரிக்கட்டும். ஒரு பிள்ளையையும் நான் வேனில் மறந்து பூட்டியதில்லை.

நான் பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்று மூன்று தடவை பார்ப்பேன். போன் அடித்தால் எடுப்பதற்குள் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நெஞ்சு படபடக்கும். இப்படிப்பட்டவள் என்பதால்தான் மாதம் பிறந்தால் முதல் தேதி குளியலறையில் நின்று என் மார்பை நானே தடவிப் பார்ப்பேன். கிளினிக் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அப்படித்தான் இடது பக்கம் அந்தக் கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. கடலைப் பருப்பு அளவு. இரண்டாம் கட்டம் என்றார்கள். முதலில் ஊசி மருந்து, பிறகு அறுவை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, வியாழக்கிழமை, மருந்து ஏற்ற வேண்டும்.

அழுதேன். இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் காலண்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழுவதைவிட எனக்கு நன்றாக வருவது ஏற்பாடு செய்வது. மருந்து ஏற்றிய பிறகு பதின்மூன்று நாள் நான் வண்டி ஓட்டப் போவதில்லை. அதில் வரும் ஒன்பது பள்ளி நாளும் பக்கத்துக் குடியிருப்புத் தாமானில் வேன் ஓட்டும் அண்ணன் ஒருவர் என் பிள்ளைகளை ஏற்றிக்கொள்வார், அன்றன்றைக்கு அவருக்குப் பணம். மீதி ஆறு நாள் நான். டாக்டரிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தலைச்சுற்றல் இல்லாத நாளில் ஓட்டலாம், முகக்கவசம் போடு, ஜன்னலைத் திறந்து வை, இருமும் பிள்ளையை ஏற்றாதே என்று மெதுவாகச் சொன்னார். அதை எழுதித் தாருங்கள் என்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அந்தக் கடிதத்தை ஒரு நீலக் கோப்பில் வைத்தேன்.

பெற்றோர்களிடம் முதுகுவலி என்று சொல்லியிருந்தேன். அது பொய்தான். பள்ளி விடுமுறை தொடங்கும் அன்று ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டு வாசலில் பார்த்து, அந்தக் கடிதத்தைக் காட்டி, நானே சொல்வதாக முடிவு. விடுமுறை முழுதும் யோசிக்க அவர்களுக்கு நேரம் இருக்கும், வேறு வேன் பார்ப்பவர்கள் நிதானமாகப் பார்க்கலாம். என்ன சொல்வது என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். "எனக்கு ஒரு நோய் வந்திருக்கு, மருந்து எடுக்கறேன், உங்க பிள்ளைக்கு ஒரு ஆபத்தும் வராது" என்று தொடங்கும். அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அதுதான் என் கோபம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது மருந்து ஏற்றிய பதினோராம் நாள். வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும் நாள்கள் அவை, கூட்டத்தில் இருக்காதே என்று தாளிலேயே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை அண்ணி பிரிக்பீல்ட்ஸிலிருந்து போன் செய்தார்.

"நாளைக்கு உன் வீட்ல சின்னதா ஒரு பிரார்த்தனை வச்சிருக்கேன். நீ ஒண்ணும் செய்ய வேணாம். கேசரி நானே கொண்டாறேன்."

"அண்ணி, டாக்டரு கூட்டம் வேணாங்குறாரு."

"இது கூட்டமா? சாமி பாட்டு லா. நாலு பேரு. நீ பாட்டுக்கு உக்காந்திரு."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இங்கே அண்ணியைப் பற்றி ஒன்று எழுதாவிட்டால் நான் பொய் எழுதியவள் ஆவேன். முதல் மருந்து ஏற்றியபோது மூன்று நாள் எங்கள் வீட்டில் தங்கினார். நான் வாந்தி எடுத்த வாளியைக் கழுவினார். என் போனுக்கு வந்த அழைப்பையெல்லாம் அவரே எடுத்துப் பேசினார், அதற்காக என் போன் திறக்கும் எண்ணைக் கேட்டார், கொடுத்தேன். வாளி கழுவியவரிடம் வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது?

வந்தார்கள். மூன்று பெண்களும் என்னைப் பார்த்ததும் முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொண்டார்கள். துக்க வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது வைத்துக்கொள்ளும் முகம். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் ஓரவத்திக்கும் இதேதான். நல்லாத்தான் இருந்தா. ஆறே மாசம்," என்றார். இன்னொருவர் உடனே, "அதெல்லாம் ஏங்கா இப்ப? பாசிட்டிவா பேசுங்க," என்று அதட்டிவிட்டு, டுரியான் பெலாண்டா என்கிற முள்சீத்தா இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார். மூன்றாமவர் கோழி சாப்பிடுகிறேனா என்று கேட்டார். சாப்பிடுகிறேன் என்றதும் அண்ணியைப் பார்த்தார். அண்ணி கூரையைப் பார்த்தார்.

விளக்கு அணைந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். எட்டுப் பேர், ஜன்னல் இரண்டு. நான் முகக்கவசத்துக்குள் வெந்துகொண்டிருந்தேன். தலையில் கட்டியிருந்த துணிக்குள் வேர்வை அரித்தது. முடி போன தலையில் அரிக்கும்போது எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். தீபம் காட்டும் நேரம், எல்லோரும் சாமி படத்தைத்தான் பார்ப்பார்கள் என்று நம்பி, துணியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி ஒரு மூச்சு இழுத்து, கண்ணை மூடிக் கும்பிட்டேன். போனில் படம் எடுக்கும் சத்தம் கேட்டது. தீபத்தை எடுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பாட்டு முடிந்ததும் உடம்பு தாங்கவில்லை. அறைக்குள் போய்ப் படுத்தேன். போனை ஹாலில் சார்ஜில் போட்டிருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் அண்ணி என் படத்தைப் போட்டு, கீழே இப்படி எழுதினார். வரி வரியாக எனக்கு மனப்பாடம். "என் அன்பு நாத்தனார் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருக்கிறார். கிள்ளானில் வேன் ஓட்டிப் பிழைக்கும் ஏழைத் தாய். மருந்துச் செலவுக்கு வழியில்லாமல் தவிக்கும் இவருக்கு உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்." அதற்குக் கீழே அண்ணனின் வங்கிக் கணக்கு எண். சொந்தக்காரர்களின் குழுவுக்கு அனுப்பினார், பஜனைக் குழுவுக்கு அனுப்பினார். பிறகு என் போனை எடுத்து, எண்ணைத் தட்டித் திறந்து, என் வேன் பெற்றோர்கள் இருக்கும் குழுவுக்கு என் பெயரிலிருந்தே அனுப்பினார்.

என் பெயரிலிருந்து. நானே என் மொட்டைத் தலையைப் படம் எடுத்து, என்னையே ஏழைத் தாய் என்று எழுதி, பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் கை நீட்டியது போல.

நான் ஏழை இல்லை. அரசாங்க மருத்துவமனையில் பதிவுக்குக் கொடுக்கும் பணம் வேனை ஒரு தடவை கழுவக் கொடுப்பதைவிடக் குறைவு. மருந்துச் செலவுக்கு நான் தவிக்கவில்லை. நான் தவித்தது வேறு எதற்கெல்லாமோ. அதை யாரும் கேட்கவில்லை.

எழுந்து வந்து போனைப் பார்த்தபோது குழுவில் கும்பிடும் கைகளும் அழும் முகங்களுமாக இருந்தன. எனக்கு முதலில் புரியவில்லை, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. மேலே தள்ளிப் பார்த்தேன். என் தலை. கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன், வாய் லேசாகத் திறந்திருக்கிறது. செத்தவளைப் போல இருந்தேன்.

"யாரு எடுத்தா இத?" என்றேன். அண்ணி கிளம்பிப் போயிருந்தார். என் கணவர் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். முழுதாகக் குறைக்கவில்லை. "அண்ணி நல்லதுக்குத்தான் செஞ்சாங்க. நீ டென்சன் ஆவாத, ஒடம்புக்கு ஆவாது," என்றார். படம் எடுத்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். அப்போதுதான் அந்த அடுப்படிக் கதை.

திங்கட்கிழமை காலையிலிருந்து தனித்தனியாகச் செய்தி வர ஆரம்பித்தது. "அக்கா, நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க. பிள்ளைய வேற வேன்ல போட்டுட்டோம். கடவுள் இருக்காரு." "ஆன்டி, கவலப்படாதீங்க, எங்களுக்கு வேற ஏற்பாடு ஆயிருச்சி." எல்லோரும் எனக்கு நல்லது செய்கிற மாதிரியே பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள். ஓய்வு எடு, ஓய்வு எடு என்று. என்னை யாரும் பார்க்காத, நானும் என்னைப் பார்க்காத ஒரே இடம் அந்த ஓட்டுநர் சீட். அங்கே நான் நோயாளி இல்லை. "வேன் ஆன்டி, இவன் என் பென்சில எடுத்துட்டான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தால் திரும்பி அதட்டுகிறவள். ஓய்வு என்ற பெயரில் அந்த சீட்டிலிருந்து என்னைத் தூக்கி ஹாலில் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஒரு தகப்பன் மட்டும் போனில் நேராகக் கேட்டார். "முதுகுவலின்னு சொன்னீங்க. ஓட்டும்போது மயக்கம் வந்திருந்தா? என் மவ உள்ள உக்காந்திருக்கா." எனக்குப் பதில் இருந்தது, கடிதம் இருந்தது, ஒன்பது நாளுக்கு மாற்று ஆள் ஏற்பாடு இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்," என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவரிடம் மட்டும்தான் நான் மன்னிப்புக் கேட்டேன். அவரும் பிள்ளையை எடுத்துவிட்டார்.

புதன்கிழமை நான் வேனை எடுக்க வேண்டிய நாள். செவ்வாய் மாலைக்குள் ஒன்பது பிள்ளைகள் போயிருந்தார்கள். கட்டிலில் போனோடு உட்கார்ந்திருந்தேன். இன்னொரு செய்தி வந்தது. தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தாய், கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். பத்தாவது, பதினொன்றாவது என்று நினைத்துக்கொண்டு திறந்தேன். "அக்கா நாளைக்கு வேன் இருக்கா இல்லியா? எனக்கு ஷிப்ட்."

கும்பிடும் கை இல்லை. கடவுள் இல்லை. இருக்கு என்று பதில் போட்டேன். "ஓகே கா. சின்னவனுக்கு சளி. அவன நான் விடுறேன், பெரியவ மட்டும்," என்று வந்தது. இருமும் பிள்ளையை ஏற்றக்கூடாது என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை. குழுவில் வந்ததைப் பார்த்துவிட்டு அவளே யோசித்திருக்கிறாள். அன்றைக்குத்தான் நான் சரியாகச் சாப்பிட்டேன். கோழிக் குழம்பு.

புதன்கிழமை நான்கு பிள்ளைகளோடு போனேன். வழக்கம்போல எண்ணினேன். பெரிய சிக்னலில் பழக்கத்தில் ஐந்தாவது, ஆறாவது என்று கண்ணாடியில் தேடினேன், காலி சீட்டுகள்தான் தெரிந்தன.

வியாழக்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனைக் கிள்ளான் ஸ்டேஷன் பக்கம் நிறுத்திவிட்டு, கொமுட்டர் ரயிலில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினேன். அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் அண்ணன் வீடு நடக்கிற தூரம்தான். நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். பூக்கடைக்கார அண்ணன் ஒருவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார், ஒன்றும் கேட்கவில்லை. வழியெல்லாம் என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நாலாம் மாடி. லிப்ட் வேலை செய்தது.

"வா பாப்பா. சாப்பிட்டியா?" என்றார் அண்ணன். எனக்கு நாற்பத்தொன்பது வயது. இன்னும் பாப்பாதான்.

"லிஸ்ட் வேணும்ணே."

"என்ன லிஸ்ட்?"

"யாரு யாரு எவ்வளவு போட்டாங்கன்னு."

அண்ணி அறையிலிருந்து வந்தார். "எதுக்கு? தேங்க்யூ சொல்லவா? நான் எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

"திருப்பிக் குடுக்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மருந்தினால் புத்தி கலங்கிப் பேசுகிறேன் என்று நினைப்பது தெரிந்தது. அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தொடையில் கை வைத்தார்.

"ஒனக்காக எத்தன பேரு கண்ணீர் விட்டாங்க தெரியுமா? ஈப்போவுலேருந்தெல்லாம் பணம் போட்டாங்க."

"எனக்குக் கண்ணீர் வேணாம் அண்ணி. பதினாலு பிள்ளைங்க இருந்தாங்க. இன்னிக்கு ஏறுனது நாலு."

"பாரு, இப்பவும் வேனத்தான் பேசுறா. வேன் முக்கியமா, உசுரு முக்கியமா?"

கொமுட்டரில் தயார் செய்து வைத்த பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. "ரெண்டும்தான்," என்றேன்.

அண்ணன் பெருமூச்சு விட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கப் போவதில்லை. "நீ சின்னதுலேருந்தே இப்படித்தான் பாப்பா. எத எடுத்தாலும் கவல. ராத்திரி பூட்டப் போட்டியா, கேஸ மூடுனியா. கவலப்பட்டுக் கவலப்பட்டே ஒடம்புல வரவழச்சிக்கிட்ட. இனியாச்சும் மனச லேசா வச்சிக்க. அதுதான் மருந்து."

இதை அவர் முதல் தடவை சொல்லவில்லை. செய்தி தெரிந்த நாளிலிருந்து இது எங்கள் குடும்பத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவ கவலப்பட்டே வந்துச்சி. நான் இல்லாதபோது சொன்னார்கள், பிறகு இருக்கும்போதே சொன்னார்கள், நல்லெண்ணத்தோடு, இஞ்சி டீயோடு. இதைக் கேட்டுவிட்டுப் படுத்தால் எப்படித் தூக்கம் வரும்? கவலைப்படக் கூடாது என்று கவலைப்பட்டேன். இன்றைக்கு எவ்வளவு கவலைப்பட்டேன், அது கட்டியை எவ்வளவு வளர்த்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிடந்தேன். யாருக்கும் தெரியாமல் நர்ஸிடம் கேட்டேன், கவலைப்பட்டதால் வந்ததா என்று. அந்தப் பெண் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "யார் சொன்னது? அவங்கள இங்க கூட்டிட்டு வாங்க," என்றாள்.

"அண்ணே," என்றேன், "என் கவலையால வரல. என் கவலையாலதான் ரெண்டாவது ஸ்டேஜ்லயே கையில தட்டுச்சி. உங்கள மாதிரி மனச லேசா வச்சிருந்தா இந்நேரம் எங்க போயி நின்னுருக்குமோ."

என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணி அழ ஆரம்பித்தார். நிஜமான அழுகை, மூக்கெல்லாம் சிவந்துவிட்டது.

"மொத மொத ஐநூறு வெள்ளி போட்டதே நான்தான். நான் என்ன கெட்ட எண்ணத்துலயா செஞ்சேன்?"

"இல்ல."

"அப்பறம் என்ன?"

"கேக்கல அண்ணி. அவ்வளவுதான். என்னக் கேக்கல."

"கேட்டா நீ வேணாம்னுதான் சொல்லியிருப்ப."

"ஆமா," என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. என்னை ஏன் கேட்கவில்லை என்பதற்குப் பதிலை அவரே சொல்லிவிட்டார் என்பது அவருக்குப் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒடம்புக்கு முடியாதவ பேசுறத மனசுல வைக்கக் கூடாது," என்று அண்ணனிடம் சொன்னார், நான் அங்கே இல்லாதது போல. இதுதான் என்னைக் கொதிக்க வைப்பது. நான் அழுதால் நோய். கோபப்பட்டால் மருந்தின் வேலை. சும்மா இருந்தால் மனசு உடைந்துவிட்டது. நான் பேசுவதாக எடுத்துக்கொள்ள ஒருத்தர் இல்லை.

லிஸ்ட் கிடைத்தது. முப்பத்தெட்டுப் பேர், மொத்தம் ஏழாயிரத்து இருநூற்று நாற்பது வெள்ளி. அதில் மூவாயிரத்துத் தொள்ளாயிரம் ஏற்கெனவே செலவாகியிருந்தது. பஜனைக் குழுவில் ஒருவர் விற்கும் தண்ணீர் மெஷின். சாதாரண தண்ணீரை ஊற்றினால் நோய் தீர்க்கும் தண்ணீராக வருமாம். திங்கட்கிழமையே அதை எங்கள் அடுப்படியில் பொருத்தியிருந்தார்கள். நீல விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். என் கணவர் அதில் காப்பி போட்டுக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். மீதிப் பணத்தை அண்ணன் என் கணக்குக்கு மாற்றினார். மாற்றும்போது, "ரோஷம் புடிச்சவ," என்றார், யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

திரும்பி வந்த அன்று மத்தியானமே நீலக் கோப்பை எடுத்துக்கொண்டு என் கணவர் எதிரில் உட்கார்ந்தேன். அதில் டாக்டர் கடிதம் மட்டும் இல்லை. காப்புறுதிப் பத்திரம், வீட்டுக் கடன் தாள், வேனின் பதிவுப் பத்திரமான கிராண்ட், எனக்கு ஏதாவது ஆனால் யாருக்கு முதலில் போன் செய்ய வேண்டும், என் நகை எது மகளுக்கு. நோய் தெரிந்த நாளிலிருந்து இதை அவரிடம் சொல்ல நான்கு தடவை முயன்றிருக்கிறேன். நான்கு தடவையும், "நல்லதையே பேசு" என்று எழுந்து போய்விட்டார். ஐந்தாவது தடவையும் எழுந்தார். வெளியே போய்க் காரைக் கழுவ ஆரம்பித்தார். முதல் நாள்தான் கழுவியிருந்தார். அவருக்குப் பயம். எனக்குத் தெரியாதா? ஆனால் அவர் பயத்தையும் நானே சுமக்க வேண்டும் என்றால் என் பயத்தை எங்கே இறக்கி வைப்பது?

மகள் வேலையிலிருந்து வந்தாள். அவளும் முதலில், "மா, அத்த பாவம்மா, விடுங்க," என்றாள். "படத்த எடுத்தப்ப நீ எங்க இருந்த?" என்றேன்.

"பக்கத்துலதாம்மா. பாத்தேன். சாமி முன்னாடி எப்படித் தடுக்கறதுன்னு தெரியல."

மற்ற ஏழு பேரில் உண்மையைச் சொன்னது அவள் ஒருத்திதான். பிறகு அவளே கோப்பை இழுத்து வைத்துக்கொண்டு, "சொல்லுங்க. எதுல ஆரம்பிக்கணும்?" என்றாள். சொன்னேன். எழுதிக்கொண்டாள். இடையில் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினாள், எழுதுவதை நிறுத்தவில்லை. முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை மாதமாக இந்த இருபது நிமிடத்தைத்தான் நான் வீட்டில் எல்லோரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அதற்கும் பேச்சு. சிலர் வாங்கிக்கொண்டார்கள். சிலர், "நான் என்ன அன்னியமா?" என்று கோபித்துக்கொண்டார்கள். பஜனைப் பெண்களில் அந்த ஓரவத்தி கதை சொன்னவர், "கொடுத்தத திருப்பி வாங்குனா எங்களுக்குப் பாவம்," என்று கதவைப் பாதி சாத்தினார். கேட்டில் உறையைச் செருகிவிட்டு வந்தேன். திமிர் என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்களாம். நோயாளிக்கு என்ன திமிர் என்றார்களாம். மெஷினை இணையத்தில் போட்டுத் தொள்ளாயிரம் வெள்ளிக்கு விற்றேன். வாங்க வந்தவர் ஏன் விற்கிறீர்கள் என்றார். "வெறும் தண்ணிதான் வருது," என்றேன். பேரம் பேசி இன்னும் ஐம்பது குறைக்கப் பார்த்தார், விடவில்லை. மீதி மூவாயிரத்தை வேன் கட்டணத்திலிருந்து மாதாமாதம் அடைக்கிறேன்.

மருந்து முடிந்தது, அறுவை முடிந்தது, ஒளிச் சிகிச்சையும் முடிந்தது. முடி வளர்ந்து இப்போது காது மறைகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை, அதற்கு முந்தின வாரம் முழுதும் எனக்குத் தூக்கம் கிடையாது, அப்போது வீட்டில் யாராவது பாசிட்டிவ் என்று வாயைத் திறந்தால் மகள் அவர்களைப் பார்க்கிற பார்வையிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். வேனில் இப்போது எட்டுப் பிள்ளைகள், அதில் இரண்டு புதுசு. ஷிப்டுக்குப் போகும் தாயின் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள், சின்னவனுக்கு இன்னும் அடிக்கடி சளிதான். மயக்கம் வந்திருந்தால் என்று கேட்ட தகப்பன் புது வருஷத்தில் அவரே வந்து மகளைத் திரும்பச் சேர்த்தார். "இப்ப எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லி முடிக்கும்வரை நின்றார். மற்றவர்கள் வரவில்லை.

என் போன் திறக்கும் எண்ணை மாற்றிவிட்டேன். அண்ணி தினமும் காலையில் ஒரு பூப்படமும் ஒரு நல்ல வாக்கும் அனுப்புகிறார். தீபாவளிக்கு வந்தபோது முறுக்கு கொண்டுவந்தார், நானும் கொடுத்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை அவரிடமிருந்து வரவில்லை, இனி வரும் என்று நான் காத்திருக்கவும் இல்லை. வாளி கழுவியதை நான் மறக்கவில்லை. படத்தையும் மறக்கவில்லை. இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று கழித்துவிடச் சொல்கிறார்கள் வீட்டில். எனக்கு அந்தக் கணக்கு வராது.

லிஸ்ட் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. கொடுத்து முடித்த பெயர்மேல் கோடு. முப்பத்தைந்து கோடு போட்டாயிற்று. பாக்கி மூன்று பேர். ஈப்போவில் ஒருவருக்கு இருநூற்று நாற்பது. பள்ளிக்கூடத்துப் பக்கம் கடை வைத்திருப்பவருக்கு நூறு. கடைசியில் அண்ணி. அவர் பெயரை வேண்டுமென்றேதான் கடைசியில் வைத்திருக்கிறேன், அன்றைக்கு பிரிக்பீல்ட்ஸுக்கு நானே போய், அவர் கையில் வைத்து, அவர் எண்ணி முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன். ஐநூறு. மொத்தம் எண்ணூற்று நாற்பது வெள்ளி.